ஓர் ஊரில் ஒரு ராஜா: ஆங்கில ஆர்ட்டிகல்களைக் கற்பித்த அனுபவம்

பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த முதல் இடுபணி திரும்பி வந்தபோது அதில் முப்பத்தொரு சிவப்பு வட்டங்கள் இருந்தன. விடுதி அறைக்குக் கொண்டுபோய் ஒன்று விடாமல் எண்ணிப் பார்த்தேன். விந்தை என்னவென்றால், பெரும்பாலான வட்டங்களுக்குள் எதுவுமே இல்லை. இரண்டு சொற்களுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தை வட்டமிட்டிருந்தார் விரிவுரையாளர். நான் எழுதியது குற்றமன்று. எழுதாமல் விட்டதுதான் குற்றம். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: ஆர்ட்டிகல்ஸ்!

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, புகுமுக வகுப்பில் ஓராண்டு, பிறகு மலாயில் எல்லாப் பாடங்களும் என்று வந்தவன் நான். ஆங்கிலம் எனக்கு வாரத்தில் சில மணி நேரம் வந்து போகும் விருந்தாளி. அந்த மூன்று சின்னச் சொற்களை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. துணிந்து போய்க் கேட்டேன். “நிறைய வாசி, தானாக வரும்,” என்றார் விரிவுரையாளர். நிறைய வாசித்தேன். தானாக வரவில்லை.

இன்று அதே தொழிலில் நான் இருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் ஒரு மொழி மையத்தில், நம் நாட்டுக்கு உயர்கல்விக்காக வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். சீனர், கொரியர், வியட்நாமியர், அரபு நாட்டவர் எனப் பலரும் என் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு 'எ', 'அன்', 'த' என்ற மூன்று சொற்களைக் கற்பிக்கப் போய் நான் கற்றுக்கொண்டவற்றையும், அதற்கு முன் நான் செய்த ஒரு பெரும் பிழையையும் நம் பேரவைத் தம்பி தங்கைகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாளை உங்களில் பலர் ஆசிரியராகப் போகிறவர்கள். மற்றவர்களும் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதத்தான் போகிறீர்கள்.

ஒரு சிறு விளக்கம். ஆர்ட்டிகல் என்பதைச் 'சுட்டு' என்று எழுதலாமா என்று யோசித்தேன். 'த' சுட்டும், 'எ' எதையும் சுட்டாதே என்று நம் தமிழ் விரிவுரையாளர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஆகவே ஆர்ட்டிகல் என்றே எழுதிவிடுகிறேன்.

இச்சொற்கள் ஏன் இவ்வளவு தொல்லை தருகின்றன? அளவில் சிறியவை, ஆனால் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சொல்லே 'த' தான். ஒரு பக்கம் எழுதினால் பத்துப் பதினைந்து முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் மூன்று கேள்விகள் உள்ளன. இந்தப் பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா? ஒன்றா, பலவா? நான் எதைச் சொல்கிறேன் என்பது கேட்பவருக்குத் தெரியுமா? முதல் இரண்டும் அகராதியில் கிடைக்கும். மூன்றாவது எந்த அகராதியிலும் கிடையாது. அது கேட்பவரின் தலைக்குள் இருக்கிறது.

பள்ளி நூல்கள் இதைச் சுருக்கி, முதல்முறை சொன்னால் 'எ', மறுமுறை சொன்னால் 'த' என்று ஒரு விதி தருகின்றன. கெட்ட விதியன்று, தொடக்கத்துக்குப் போதும். ஆனால் சீக்கிரமே கால் வாரிவிடும். “நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்,” என்று ஒருவர் சொல்கிறார். பெண்ணைப் பற்றி இப்போதுதான் முதல்முறை பேசுகிறார். ஆனாலும் ஆங்கிலத்தில் 'த பிரைட்' என்றுதான் வரும். ஏனென்றால் கல்யாணம் என்றதுமே பெண்ணும் மாப்பிள்ளையும் கேட்பவர் மனத்தில் வந்து அமர்ந்துவிடுகிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பால் கிறிஸ்டோபர்சன் 1939-இல் ஆங்கில ஆர்ட்டிகல்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தப் 'பரிச்சயம்' என்ற கருத்தைத்தான் அடித்தளமாக வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள், விரித்தார்கள். ஆனால் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியனுக்கு இன்றும் அதுவே முதல் கைவிளக்கு.

இங்கேதான் வேறொரு குழப்பமும் நுழைகிறது. இயோனின், கோ, வெக்ஸ்லர் ஆகிய மூவரும் 2004-இல் ரஷ்ய, கொரிய மாணவர்களை ஆராய்ந்தார்கள். இரண்டு மொழிகளிலும் ஆர்ட்டிகல் இல்லை. அந்த மாணவர்கள் 'த'வைக் கண்ட இடத்திலெல்லாம் போடவில்லை. 'எ' வரவேண்டிய இடத்தில், தங்கள் மனத்தில் ஒரு குறிப்பிட்ட ஆளோ பொருளோ இருந்தபோது, 'த' போட்டார்கள். அதாவது, 'எனக்குத் தெரியும்' என்பதையும் 'உனக்குத் தெரியும்' என்பதையும் கலந்துகொண்டார்கள். இதைப் படித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். என் வகுப்புக் கொரிய மாணவர் ஒருவர் பல வாரங்களாக, எனக்கு முன்பின் தெரியாத தம் நண்பரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம் 'த பிரெண்ட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கவனக்குறைவானவர் என்று நினைத்திருந்தேன். அவருக்குள் ஒரு ஒழுங்கான விதி ஓடிக்கொண்டிருந்தது. அது ஆங்கிலத்தின் விதியாக இல்லை, அவ்வளவுதான்.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் ஆர்ட்டிகல் இல்லை என்று நான்கூடப் பல ஆண்டுகள் சொல்லித் திரிந்தேன். சொல் இல்லை என்பது உண்மை. அதன் வேலை நடக்கவில்லை என்பது பொய். “பெண் பார்க்கப் போனோம்” என்பதற்கும் “பெண்ணைப் பார்க்கப் போனோம்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்ப் பாட்டியிடமும் விளக்க வேண்டியதில்லை. முதலாவதில் தட்டும் பூவும் போகும். இரண்டாவதில் மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம்கூடப் போகலாம். 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' என்ற இணையும் அப்படித்தான். எந்தப் புத்தகம் என்று உனக்கும் எனக்கும் தெரியும் என்பதை நம் இரண்டாம் வேற்றுமை உருபு சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. எழுவாயில் இந்த வசதி இல்லை; அங்கே 'ஒரு'வும் 'அந்த'வும் கைகொடுக்கின்றன. நம் பாட்டிகள் கதையை எப்படித் தொடங்கினார்கள்? ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள். இரண்டே வாக்கியத்தில் 'எ'வும் 'த'வும் வந்துவிட்டன!

இது தற்செயலும் இல்லை. ஆங்கிலத்தின் 'அன்' என்பது பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்னும் எண்ணுப்பெயர்தான். 'த' என்பது அந்த, இந்த என்று சுட்டிய பழைய சுட்டுச்சொல்லின் தேய்ந்த வடிவம். 'ஒன்று', 'அது' என்ற இரண்டு விதைகளிலிருந்துதான் ஆங்கில ஆர்ட்டிகல்கள் முளைத்தன. அந்த விதைகள் நம்மிடமும் இருக்கின்றன. தொல்காப்பியம் அ, இ, உ என்று மூன்று சுட்டுகளைச் சொல்கிறது. ஆங்கிலம் விதையைக் கட்டாயப் பயிராக்கிவிட்டது. நாம் தேவைப்படும்போது மட்டும் தூவுகிறோம்.

'எ', 'அன்' என்ற பிரிவில் நாம் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். ஓர் ஆடு, ஒரு மாடு என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்துவிட்டோம். உயிருக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு. ஆங்கிலத்திலும் அதே கணக்குத்தான். ஆனால் அங்கே எழுத்தைப் பார்க்கக்கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். இதற்கு வார இறுதியில் நான் நடத்தும் இலவச வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லித் தருவதுண்டு: சொல்லைத் தமிழில் எழுதிப் பார். யுனிவர்சிட்டி 'யு'வில் தொடங்குகிறது. யானைக்கு 'ஒரு' என்றால் யுனிவர்சிட்டிக்கு 'எ'. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' உயிரெழுத்தில் தொடங்குகிறது, 'அன் அவர்'. நேர்மையானவர் 'ஆனஸ்ட்', ஆகவே 'அன்'. ஐரோப்பியர் 'யூரோப்பியன்', ஆகவே 'எ'. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு 'அன்', 2021-இல் நிறுத்தப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு 'எ'. ஆங்கில எழுத்து மறைத்து வைத்ததைத் தமிழ் எழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'ஒன்' என்று நாம் எழுதும் எண் மட்டும் ஏமாற்றும். அது வாயில் 'வன்' என்று தொடங்குவதால் 'எ' தான். பத்து வயதுப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.

'அன்' தான் மூத்தது, 'எ' அதன் தேய்வு என்பதும் பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி. அந்த 'ன்' ஒட்டிக்கொள்வதும் கழன்றுகொள்வதுமாக ஆங்கிலச் சொற்களையே மாற்றியிருக்கிறது. இன்றைய 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்பதை 'அன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டுவிட்டார்கள். பாம்பைக் குறிக்கும் 'ஆடர்' அப்படித்தான் தன் நகரத்தை இழந்தது. ஆரஞ்சையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள், அது சரியன்று. நாரங்கம் என்ற வடமொழிச் சொல், பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா போய், ஆங்கிலத்துக்கு வரும் முன்பே தன் நகரத்தைத் தொலைத்துவிட்டது. அந்த நாரங்கத்துக்கு மூலம் நம் திராவிட நாரத்தையாக இருக்கலாம் என்று அகராதியாளர்கள் கருதுவது நமக்கொரு கூடுதல் மகிழ்ச்சி. சரி, பழக்கடையை விட்டு வகுப்பறைக்குத் திரும்புவோம்.

நான் மேலே குறிப்பிட்ட பெரும் பிழை இதுதான். ஆசிரியரான முதல் சில ஆண்டுகளில் எனக்குச் செய்யப்பட்டதையே நானும் செய்தேன். சிவப்புப் பேனா. வட்டம். ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் ஒரு வட்டம். அது உழைப்பு என்று நம்பினேன். இரவு ஒரு மணி வரைக்கும் திருத்துவேன்.

சீனாவின் ஒரு சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருவர் இருந்தார். மிகக் கடுமையாக உழைப்பவர். முதல் கட்டுரையில் தம் ஊர், ஆறு, பாட்டி, பாட்டி வளர்த்த வாத்துகள் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். ஆர்ட்டிகல் ஒன்றுகூட இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட வட்டங்களோடு அதைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது கட்டுரை இரண்டு பக்கம். மூன்றாவது ஒரு பக்கம். ஆறாவது கட்டுரையில் ஆர்ட்டிகல் பிழை ஒன்றுகூட இல்லை. நான் பூரித்துப் போனேன். வகுப்பின் முன் அதை உயர்த்திக் காட்டிப் பாராட்டினேன்.

அன்று மாலை அதை மறுபடி எடுத்து வாசித்தபோதுதான் உறைத்தது. அந்தக் கட்டுரையில் ஒருமைப் பெயர்ச்சொல்லே இல்லை. எல்லாம் பன்மை. மனிதர்கள் நகரங்களில் வாழ்கிறார்கள். நகரங்களில் பிரச்சினைகள் உள்ளன. பிரச்சினைகளுக்குத் தீர்வுகள் தேவை. ஒருமை வந்தே தீரவேண்டிய இடத்தில் 'மை', 'திஸ்', 'எவ்ரி' என்று ஏதாவது ஒன்றை முன்னால் நிறுத்தி ஆர்ட்டிகலுக்கு இடமில்லாமல் செய்திருந்தார். விதியைக் கற்றுக்கொள்ளவில்லை, விதி இருக்கும் தெருப்பக்கமே போகாமல் வேறு தெருவைக் கற்றுக்கொண்டார். ஆறும் இல்லை, வாத்தும் இல்லை, பாட்டியும் இல்லை.

மொழி கற்பித்தலில் இதற்குத் 'தவிர்ப்பு' என்று பெயர். ஜாக்லின் ஷாக்டர் 1974-இலேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: சீன, ஜப்பானிய மாணவர்கள் ஒருவகை ஆங்கில வாக்கியத்தில் குறைவாகப் பிழை செய்தார்கள், காரணம், அவ்வகை வாக்கியத்தையே அவர்கள் குறைவாகத்தான் எழுதினார்கள். பிழையை மட்டும் எண்ணுகிறவன் இதைப் பார்க்க மாட்டான். பட்டயப் படிப்பில் இதை நான் படித்துத் தேர்வும் எழுதியவன். என் வகுப்பில் அது நடந்தபோது கைதட்டிப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவரைத் தனியாக அழைத்துப் பாட்டியைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “டீச்சர், பாட்டியைப் பற்றி எழுதினால் எல்லாம் சிவப்பாகிவிடுகிறது,” என்றார்.

என் முப்பத்தொரு வட்டங்கள் நினைவுக்கு வந்தன.

அதன் பிறகு முறையை மாற்றினேன். ஒரே நாளில் அன்று; தட்டுத்தடுமாறித்தான். முதலில் ராஜா கதையைக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு மாணவரும் தம் தாய்மொழியில் ஒரு ராஜா கதையின் முதல் இரண்டு வாக்கியங்களைப் பலகையில் எழுத வேண்டும். ராஜா முதலில் எப்படி வருகிறார், இரண்டாவதாக எப்படி வருகிறார் என்று மட்டும் பார்ப்போம். சீனர் முதலில் 'ஈ க' என்று ஒன்றைச் சேர்க்கிறார், அடுத்து 'ஜெ க' என்று சுட்டுகிறார். கொரியர் 'ஹன்' என்று தொடங்கி 'கு' என்று தொடர்கிறார். முதல் ராஜாவுக்கு ஒட்டும் உருபும் இரண்டாம் ராஜாவுக்கு ஒட்டும் உருபும் வேறு வேறு. அரபு மாணவர் 'மலிக்குன்' என்று எழுதி, அடுத்த வரியில் 'அல்-மலிக்' என்கிறார். நான் மலாயில் 'செஓராங் ராஜா', 'ராஜா இத்து' என்று எழுதுவேன். (மலாயின் 'இத்து' நம் காதில் இது என்று விழும், பொருளோ அது. இதை வைத்து நான் சிறுவயதில் வாங்கிய அடி தனிக்கதை.) கடைசியில் தமிழ். பலகை நிறைந்த பிறகு ஒரு அமைதி வரும். 'எங்களிடம் இது இல்லவே இல்லை' என்று வந்தவர்கள், 'எங்களிடம் வேறு வடிவில் இருக்கிறது' என்று உட்காருவார்கள்.

சீன மாணவர்களிடமிருந்து நான் கற்ற இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் மொழியில் சொல்லின் இடமே பாதி வேலையைச் செய்கிறது. விருந்தாளி என்ற சொல்லை முன்னால் வைத்து 'வந்தாயிற்று' என்று முடித்தால், எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டார். 'வந்தாயிற்று' என்ற வினையை முன்னால் வைத்து விருந்தாளியைப் பின்னால் தள்ளினால், யாரோ ஒருவர் திடீரென்று கதவைத் தட்டுகிறார். ஆங்கிலம் 'த', 'எ' என்று இரண்டு சொல் செலவழிப்பதை அவர்கள் இடம் மாற்றியே முடித்துவிடுகிறார்கள். இதைச் சொன்னதும் அந்த வரிசையில் இருந்த எல்லா முகமும் மலர்ந்தது.

அரபு மாணவர்களின் சிக்கல் நேர்மாறானது. அவர்களிடம் 'அல்' இருக்கிறது. அதனால் 'த'வை விடமாட்டார்கள், கூடுதலாகப் போடுவார்கள். 'த லைஃப் இஸ் ஹார்ட்' என்று எழுதுவார்கள். வாழ்க்கை, பொறுமை, அன்பு போன்ற பொதுப்பெயர்களுக்கு அரபியில் 'அல்' வேண்டும், ஆங்கிலத்தில் 'த' கூடாது. ஒரே வகுப்பில் ஒரு பாதிக்கு 'போடு' என்றும் மறுபாதிக்கு 'எடு' என்றும் சொல்ல வேண்டியிருக்கும். விதிகளை அட்டவணையாக எழுதி எல்லாருக்கும் ஒரே தாளை நீட்டும் முறை இங்கே பலிக்காது.

இரண்டாவது மாற்றம் சிவப்புப் பேனாவில். திருத்துவதால் பயனில்லை, கேடுதான் என்று ஜான் டிரஸ்காட் 1996-இல் ஒரு கட்டுரை எழுதி ஆசிரியர் உலகில் பெரிய வாதத்தைக் கிளப்பினார். நானும் கொஞ்ச காலம் அவர் கட்சியில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், சோம்பலுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனால் நியூசிலாந்தில் ஜான் பிட்ச்சனர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு என்னைத் திருப்பியது. அவர் எல்லாவற்றையும் திருத்தவில்லை. முதல்முறைக்கு 'எ', மறுமுறைக்கு 'த' என்ற இரண்டு பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தினார். இரண்டு மாதம் கழித்தும் அந்த மாணவர்கள் திருத்தம் பெறாதவர்களைவிடச் சரியாக எழுதினார்கள். ஒரு நேரத்தில் ஒன்று. அவ்வளவுதான் மருந்து. இப்போது என் வகுப்பில் இந்த வாரம் எதைத் திருத்தப் போகிறேன் என்று முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுவேன். மற்றப் பிழைகளைப் பார்த்தும் பாராதவன்போல் கடந்து செல்வேன். கை துறுதுறுக்கும். பேனாவை மேசைக்குள் வைத்துப் பூட்டிய நாளும் உண்டு.

மூன்றாம் கேள்வியை, அதாவது கேட்பவர் தலைக்குள் எட்டிப் பார்ப்பதை, விளையாட்டாகத்தான் கற்பிக்க முடிகிறது. இருவரை முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வைக்கிறேன். ஒருவர் கையில் படம். மற்றவர் கையில் வெறுந்தாள். படத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும். 'த கேட்' என்று ஒருவர் தொடங்குவார். வரைபவர் உடனே, “எந்தப் பூனை?” என்று கத்த வேண்டும்; அதுதான் ஆட்டத்தின் விதி. பூனையை வரைந்து முடித்த பிறகும் 'எ கேட்' என்று சொன்னால் வரைபவர் இரண்டாவது பூனை ஒன்றை வரைந்துவிட வேண்டும். ஒருமுறை ஒரு வியட்நாமிய மாணவரின் தாளில் ஏழு பூனைகள் இருந்தன. படத்தில் இருந்தது ஒன்று. அந்த ஏழு பூனைகள் கற்பித்ததை என் ஏழு ஆண்டு விரிவுரை கற்பித்ததில்லை.

ஊர்ப்பெயர், ஆறு, மலை, செய்தித்தாள் ஆகியவற்றுக்கான விதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மலேசியாவுக்கு 'த' இல்லை, பிலிப்பீன்ஸுக்கு உண்டு. ஆற்றுக்கு உண்டு, ஏரிக்குப் பெரும்பாலும் இல்லை. மனப்பாடம்தான். உக்ரேனுக்கு முன்னால் பல காலம் 'த' போட்டுவந்தார்கள். 1991-இல் விடுதலை பெற்ற பின் அதைக் கைவிடும்படி அந்நாட்டினர் வற்புறுத்தினார்கள். 'த' போட்டால் நாடு என்பது போய் ஒரு நிலப்பகுதி என்பதுபோல் ஒலிக்கிறது என்பது அவர்கள் மனக்குறை.

இவ்வளவு பாடு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டு ஆங்கிலத்தில் பாதி ஆர்ட்டிகலைக் காற்றில் விட்டுத்தானே பேசுகிறோம், எல்லாருக்கும் புரிகிறதே? பேச்சைப் பொறுத்தவரை நான் அவர்கள் பக்கம். மாமாக் கடையில் தே தாரேக் கேட்பவரிடம் இலக்கணம் பேசுபவன் நல்ல நண்பனாக இருக்க முடியாது. எழுத்தில் அப்படி இல்லை. நிலவில் காலடி வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1969-இல் சொன்ன புகழ்பெற்ற வாக்கியத்தில் ஒரு 'எ' காதில் விழவில்லை. தாம் சொல்ல எண்ணியது 'எ'வோடுதான் என்றார் அவர். அது இல்லாவிட்டால் ஒரு மனிதன் என்பது மனிதகுலம் என்றாகி, வாக்கியத்தின் முற்பாதியும் பிற்பாதியும் ஒன்றையே சொல்லும். அது ரசித்துவிட்டுப் போகக்கூடியது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1967 நவம்பரில், ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம் அப்படியன்று. இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டிய பகுதிகளைக் குறிக்கும் சொல்லுக்கு முன் ஆங்கில வடிவத்தில் 'த' இல்லை. பிரெஞ்சு வடிவத்தில் ஆர்ட்டிகல் இருக்கிறது. எல்லாப் பகுதிகளுமா, சில பகுதிகளா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது.

அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். என் மாணவர் ஒருவர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதினார். தாம் சில கட்டுரைகள் வெளியிட்டிருப்பதைப் பெருமையாகக் குறிப்பிட நினைத்து 'எ'வை விட்டுவிட்டு, வெறும் 'ஃபியூ' என்று எழுதிவிட்டார். 'எ ஃபியூ' என்றால் சில இருக்கின்றன. 'ஃபியூ' என்றால் ஏதோ பெயருக்கு இருக்கிறது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தம்மைத் தாமே மட்டம் தட்டிக்கொண்டதை அவர் அறியவில்லை. அனுப்புவதற்கு முதல்நாள் மாலை தற்செயலாக என்னிடம் காட்டினார். ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தேன்.

மீண்டும் அந்தச் சீன மாணவியிடம் வருகிறேன். பருவத்தின் கடைசிக் கட்டுரைக்கு நான் தலைப்புக் கொடுக்கவில்லை. அவர் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தார். நான்கு பக்கம். ஆறு இருந்தது, வாத்துகள் இருந்தன, வாத்துகளை விரட்டிய ஒரு நாய்கூடப் புதிதாக வந்திருந்தது; முதலில் 'எ' நாயாகவும் பிறகு 'த' நாயாகவும் சரியாகவே வந்திருந்தது. ஐந்தாறு பிழைகள் கண்ணில் பட்டன. அந்த வாரத்துப் பாடம் தொழிலைக் குறிக்கும் பெயர்களுக்கு 'எ' போடுவது. ஆகவே அதை மட்டும் தேடினேன். ஓரிடத்தில் அகப்பட்டது. தம் பாட்டி கிராமத்தில் 'த டாக்டர்' என்று எழுதியிருந்தார். 'த'வை அடித்து 'எ' என்று மேலே எழுதினேன்.

தாளைப் பெற்றுக்கொண்டு போனவர் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தார். அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“டீச்சர், இது தப்பில்லை.”

“தொழில் என்றால் 'எ' தானே? இந்த வாரம் படித்தோமே?”

“படித்தோம். ஆனால் எங்கள் ஊரில் வேறு டாக்டர் இல்லை. பாட்டி ஒருத்திதான்.”

அழிப்பானைத் தேடினேன், சிவப்பு மை அழியவில்லை. என் 'எ'வைக் குறுக்கே அடித்துவிட்டு, அவர் எழுதியிருந்த 'த'வை மீண்டும் எழுதிக் கொடுத்தேன். கிராமத்துக்கு முன்னால் வரவேண்டிய இன்னொரு 'த' அங்கே இல்லாமல்தான் இருந்தது. தாளை வாங்கிக்கொண்டு போகும்போது நின்று பார்த்து, அதை அவரே தம் பென்சிலால் சேர்த்துக்கொண்டார்.